பரண் பக்கத்துச் சுவர்

பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் எல்லோரும் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னால்கூட அதைச் சாண் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார் என்று கேலி பேசுவார்கள். ஆள் வாட்டசாட்டமானவர். தலை குனியாமல் அவர் நுழைந்த வாசல்கள் குறைவு. அப்படிப்பட்ட மனிதர் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு, ஓடி ஓய்ந்த ஒரு பஸ்ஸின் அடிச்சட்டத்தின் மேல் நின்றது என்றால் கேட்பவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அவருடைய மனைவி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து இஸ்திரி போடும் சலவை நிலையத்தில் அவளுக்கு வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீடு மாறி மாறி அவளுக்குச் சலித்துப் போயிருந்தது. ஒரு வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இன்னொரு வீட்டில் விருந்தாளி வந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வேறொரு வீட்டில் குழாயடியில் அவள் முறை வரும்போது மட்டும் தண்ணீர் நின்றுவிடும். ஒரு நாள் அவள் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டே அழுததைப் பார்த்துத்தான் அவர் சொன்னார்:

"இந்தாம்மா, எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. நான் உனக்கு ஒரு வளை கட்டித் தரேன். அழாத."

சொன்னபடியே கட்டினார். பட்டறை வேலை முடிந்து வந்து, ஊருக்கு ஓரமாகப் பழைய லாரிகள் நிற்கும் மைதானத்தில், ஒரு மூலையில் உட்கார்ந்து தகடு தகடாகச் சேர்த்தார். ரிவிட் அடிக்கும்போது தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். மேசை சுவரோடு மடிந்துகொள்ளும். பலகையைத் தூக்கினால் அதற்கடியில் அரிசிப் பெட்டி. அடுக்களைக்கு மேலே ஒரு பரண், அதுதான் படுக்கையறை. ஏறுவதற்கு ஒரு செங்குத்து ஏணி. பரணில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் உச்சந்தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை நுழையும். அவ்வளவுதான். "உட்கார முடியுதுல்ல, போதும். படுக்கிற இடத்துல நின்னு என்ன பண்ணப் போறோம்?" என்பார்.

பிள்ளை குட்டி இல்லாத இரண்டு பேருக்கு அது போதுமாகத்தான் இருந்தது. புதிதாக ஒரு துணி உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும் என்பது சட்டம். தட்டு இரண்டு, தம்ளர் இரண்டு, மூன்றாவது ஆள் வந்தால் பாத்திர மூடியில் சாப்பாடு. அவளுடைய தம்பி எப்போது வந்தாலும் வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா வீட்டுக்கு வந்தா செருப்பை மட்டும் வெளிய விட்டா பத்தாது, தொப்பையையும் கழட்டி வெச்சுட்டுத்தான் வரணும்" என்பான். மாமனும் மச்சானும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெருக்க ஆரம்பித்தால் திரும்புவதற்குள் வீடு முடிந்துவிடும். மழை பெய்தால் கூரைத் தகட்டில் அது பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொண்டே இரண்டு பேரும் பரணில் கிடப்பார்கள். வாழ்நாளில் அவள் சந்தோஷமாக இருந்த வருஷங்கள் என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்தே மழை. அவள் இறங்கிவந்து காப்பி போட்டு, சாமான் துலக்கி, ஈரத் துணியை உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டாள். அவர் இறங்கவில்லை. லீவு நாள், தூங்கட்டும் என்று விட்டாள்.

"ஏங்க, காப்பி ஆறுது."

மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பதில் மாதிரியும் இருந்தது, பதில் இல்லாத மாதிரியும் இருந்தது.

"என்னது? வாயில பல்லுக்குச்சியா?" என்று சிரித்துக்கொண்டேதான் ஏணியில் ஏறினாள். பரண் விளிம்புக்கு மேல் தலையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவருடைய முகத்தில் பாதி, முகத்திலிருந்து நழுவி இறங்கியிருந்தது. வலது கை, யாரோ எடுத்துப் போட்ட துணி மாதிரி மார்பின் மேல் கிடந்தது. கண்கள் மட்டும் அவளைத் தேடிப் பிடித்தன.

"ஏங்க! என்னங்க ஆச்சு? எந்திரிங்க, எந்திரிங்க!"

தோளுக்கடியில் கை கொடுத்து இழுத்தாள். மலையை இழுத்த மாதிரி இருந்தது. அவர் கனம் அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்தக் கனம் இத்தனை நாள் தன்னைத் தானே தூக்கிக்கொண்டிருந்தது. இப்போது அது முழுசாக அவள் கையில் வந்து விழுந்துவிட்டது. முட்டி போட்டால் தலை கூரையில் இடித்தது. காலை ஊன்றி இழுக்க இடமில்லை. இரண்டு பேர் படுக்க மட்டுமே அளந்த இடம் அது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். பக்கத்துக் கொட்டகையில் இருந்த வெல்டரைக் கத்திக் கூப்பிட்டாள். வெல்டர் அவருடைய பழைய கூட்டாளி, வயதில் மூத்தவர். ஓடி வந்தார். பரணில் ஏறிப் பார்த்தவர் கீழே இறங்கி, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டேய் அளவு... என்னடா இது" என்றார், தனக்குள்ளேயே.

ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு டிரைவர், ஒரு நர்ஸ். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்த டிரைவர் வாசலைப் பார்த்தான், ஏணியைப் பார்த்தான், மறுபடி வாசலைப் பார்த்தான்.

"இது எப்படிங்க மேல போகும்?"

"போகாது," என்றார் வெல்டர். "ஆளே ஒருக்களிச்சுத்தான் போகணும்."

நர்ஸ் மட்டும் ஏறினாள். சின்ன உடம்பு, சட்டென்று புகுந்துவிட்டாள். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். குனிந்து சொன்னாள்: "பக்கவாதம்மா. எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போறோமோ அவ்வளவுக்கு நல்லது. எப்படியாவது இறக்குங்க."

போர்வையில் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். டிரைவர் மேலே, வெல்டர் கீழே, நடுவில் அவள். இடுப்பு வரைக்கும் உடம்பு இறங்கி வந்தது. அதற்கு மேல் ஏணிக்கும் அடுக்களை அலமாரிக்கும் நடுவே அவருடைய தோள் மாட்டிக்கொண்டது. அந்த இடைவெளியும் அவரே வைத்ததுதான். நல்ல உடம்போடு, ஒரு பக்கமாகத் திரும்பி இறங்கிக்கொண்டிருந்த இடைவெளி. திரும்பத் தெரியாத உடம்பு அதில் ஆப்பு மாதிரி சிக்கிக்கொண்டது. அவருக்கு மூச்சு இரைத்தது. வாயிலிருந்து நுரை வழிந்தது.

"மேல தள்ளுங்க, மேல தள்ளுங்க! மூச்சு முட்டுது!" என்று கத்தினாள் நர்ஸ்.

மறுபடி மேலேயே தள்ளினார்கள். தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்தார்கள். மழையில் எங்கெங்கோ மரம் விழுந்திருக்கிறது, வண்டியெல்லாம் அங்கே போயிருக்கிறது, வருவோம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அவள் அடுக்களை நடுவில் நின்றாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுவர் இருந்தது. இத்தனை வருஷம் அது தன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது கழுத்தைப் பிடித்தது.

"அண்ணே," என்றாள் வெல்டரிடம். "வெட்டுங்க."

"எதை?"

"சுவரை. பரணுக்குப் பக்கத்துல இருக்கிற சுவரை வெட்டுங்க. வெளிய லாரியைக் கொண்டாந்து நிறுத்துங்க. அதுமேல இறக்கிடலாம்."

வெல்டர் அவளை ஒரு முறை பார்த்தார். "தங்கச்சி, வெட்டினா அப்புறம்..."

"அப்புறம் என்ன அண்ணே அப்புறம்! வெட்டுங்க!"

வெல்டர் தன் கொட்டகையிலிருந்து வயர் இழுத்து, தகடு அறுக்கும் கிரைண்டரைக் கொண்டுவந்தார். வீட்டு மெயினை அவள் அணைத்தாள். மைதானத்தில் நின்ற திறந்த லாரி ஒன்றை டிரைவர் பின்பக்கமாக ஓட்டிவந்து சுவரோடு ஒட்டி நிறுத்தினான். வெல்டர் லாரி மேல் ஏறி நின்று, சுவரை முஷ்டியால் தட்டித் தட்டிச் சட்டம் எங்கே, வெற்றிடம் எங்கே என்று காது வைத்துப் பார்த்தார். அவள் பரணில் ஏறி, பொறி தெறிக்காமல் அவர் மேல் ஈரப் போர்வையைப் போர்த்தி, தலைமாட்டில் சுருண்டு உட்கார்ந்துகொண்டாள்.

கிரைண்டர் சத்தம் எடுத்தது. தகட்டில் அதன் வட்டு பட்டதும் வீடு முழுக்க அலறியது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவருடைய இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. பரண் விளிம்பில் விழாமலிருக்க அவர் வைத்திருந்த இரும்புச் சட்டத்தை எட்டிப் பிடித்துக்கொண்டது. தொண்டையிலிருந்து "ம்ம்... ம்ம்ம்..." என்று ஒரு சத்தம். தலையை அசைக்கப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"வேற வழியில்லங்க. கையை விடுங்க."

விடவில்லை.

தகடு விலகி, வெளிச்சமும் மழையும் ஒன்றாக உள்ளே வந்தன. வெல்டர் வெட்டிய துண்டைக் கழற்றிக் கீழே தள்ளினார். டிரைவரும் வெல்டரும் வெளியிலிருந்து கை நீட்டி அவருடைய கால்களைப் பிடித்தார்கள். இழுத்தார்கள். அவர் வரவில்லை. அந்த ஒரு கை, பாதி உடம்பு செத்துப்போன மனிதனின் அந்த ஒரே ஒரு கை, இரும்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, கையை எடுத்து விடுங்கம்மா! நேரமாகுது!"

அவள் விரல் விரலாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் அடுத்ததைப் பிரிப்பதற்குள் முதல் விரல் போய் மூடிக்கொண்டது. கெஞ்சினாள். திட்டினாள். "உங்க கால்ல விழறேன், விடுங்க" என்றாள். அந்தப் பரணில் கால்மாட்டுக்குப் போகக்கூட இடமில்லை. கடைசியில் அவள் குனிந்து அந்தக் கையைக் கடித்தாள். பல் பதியக் கடித்தாள்.

கை விட்டது.

அவரை மழையில் லாரியின் மேல் கிடத்தி, அங்கிருந்து ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். ஆம்புலன்ஸில் அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன காயம்?" என்று கேட்டார்.

"நான்தான் கடிச்சேன்," என்றாள்.

டாக்டர் எழுதிக்கொள்ளவில்லை.

உயிர் பிழைத்தார். வலது பக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரலாம் என்றார்கள், வராமலும் போகலாம் என்றார்கள். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வெளியே அனுப்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது: எங்கே போவது? அந்த நாற்காலியின் அகலம் அவர்கள் வீட்டு வாசலின் அகலத்தைவிடப் பெரிது. அப்படியே உள்ளே போனாலும் திரும்ப இடமில்லை. படுக்க வேண்டிய இடமோ ஏணிக்கு மேலே.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? நம்ம வீடு இருக்கு," என்று தம்பி அழைத்துப் போனான்.

தம்பி வீடு மாடி வைத்த வீடு. கீழே ஹாலை ஒட்டிய அறையைக் கொடுத்தார்கள். தம்பி மனைவி நல்லவள்தான். முதல் நாள் கஞ்சியைத் தானே ஊட்டிவிட்டாள். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சும்மாவா சொன்னார்கள்? இங்கே விருந்து, மருந்து இரண்டும் ஒன்றாக வந்து இறங்கியிருந்தன. அவர் ராத்திரி பகல் தெரியாமல் முனகினார். மூத்திர வாடை ஹால் வரைக்கும் வந்தது. தம்பி மகளுக்குப் பரீட்சை நெருங்கியது. தம்பி மனைவி கதவை மூடுகிற சத்தம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தம்பி மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "அண்ணி, மாடில பின்பக்க ரூம் காலியாத்தான் கிடக்கு. காத்தோட்டமா இருக்கும். அங்க இருந்தா அவருக்கும் தொந்தரவு இல்லாம இருக்கும்ல?"

"அவரை மாடிக்கு எப்படிம்மா ஏத்துறது?"

"ஆள் வெச்சு ஒரு தடவை ஏத்திட்டா அப்புறம் இறக்கவா போறோம்?"

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. சொன்னவளுக்கே முகம் செத்துப்போயிற்று. தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

அக்கா எழுந்து, கணவர் படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவோ இடம் இருந்தது. நடக்கலாம், பாய் விரிக்கலாம், இன்னொரு கட்டில்கூடப் போடலாம். அவர் அந்த இடத்துக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தார். ஊட்டினால் வாயைத் திறக்க மறுத்தார். இரண்டு நாளாக அப்படித்தான். அவள் தரையில் உட்கார்ந்து, தலையணை உறையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். கத்தி அழக்கூட அந்தப் பெரிய வீட்டில் அவளுக்கு உரிமை இல்லை.

மறுநாள் மைதானத்துக்குப் போனாள். வெல்டர் வெட்டின இடத்தைத் தார்ப்பாயால் மூடியிருந்தார். காற்று அதைக் கிழித்திருந்தது. பரண் பலகை ஊறி உப்பியிருந்தது. மெத்தையில் எலி குட்டி போட்டிருந்தது. மடக்கு மேசையை இறக்கப் பார்த்தாள். வீங்கிப்போய் வர மறுத்தது. இரண்டு தட்டும் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தன. அவள் எதையும் எடுக்கவில்லை.

"தங்கச்சி," என்றார் வெல்டர், தயங்கித் தயங்கி. "இந்த வீட்டை ஒருத்தர் விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு. டீக்கடைக்காரர். நான் வேணாம்னுதான் சொன்னேன். இருந்தாலும் உங்கிட்ட ஒரு வார்த்தை..."

டீக்கடைக்காரர் வந்தார். வீட்டைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். தார்ப்பாயைத் தூக்கி, வெட்டின இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே! இதை இன்னும் கொஞ்சம் கீழே வரைக்கும் இறக்கிட்டா கல்லா வெச்சுக்கலாமே. எங்க வெட்டுறது, எப்படி வெட்டுறதுன்னு நானே மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டிருந்தேன். பாதி வேலையை நீங்களே முடிச்சு வெச்சிருக்கீங்க!"

வெல்டர் அந்த மனிதரின் முதுகில் கிள்ளினார். அவள் லாரிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வாந்தி எடுத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "எடுத்துக்குங்க," என்றாள்.

டீக்கடைக்காரர் வீட்டை இழுத்துக்கொண்டு போன நாளில் அவள் அங்கே போகவில்லை. கிடைத்ததை வைத்து, ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் தரைத்தளத்தில் ஒற்றை அறை பிடித்தாள். படி இல்லாத வாசல். வீட்டுக்காரர் சொன்ன நிபந்தனைகள் அத்தனைக்கும் தலையாட்டினாள். தம்பி வண்டி வைத்துச் சாமான் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெகுநேரம் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, அவ ஏதோ வாய் தவறி..."

"தெரியும்டா. போ. பிள்ளைக்குப் பரீட்சை."

வீடு போனதை அவரிடம் அவள் சொல்லவில்லை. காலையில் சலவை நிலையத்துக்குப் போவதற்கு முன் துடைத்துவிட்டு, மத்தியானம் ஓடிவந்து ஊட்டிவிட்டு, சாயங்காலம் பயிற்சிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் கேட்கவில்லை, கேட்க வார்த்தை இல்லை. சில நாள் சாப்பிட்டார், பல நாள் சாப்பிடவில்லை. ஒரு நாள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பெரிய ரோட்டைக் கடக்கும்போது, அப்படியே நடுவில் நின்றுவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவள் நின்றாள். பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளின மாதிரி, ஓட்டமும் நடையுமாக மறுபக்கம் போய்ச் சேர்ந்தாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். புரிந்ததோ என்னவோ, அன்றைக்குக் கொடுத்த கஞ்சி முழுவதையும் குடித்தார்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியபோது அவருக்கு ஒன்றிரண்டு சத்தங்கள் வார்த்தையாகத் திரள ஆரம்பித்தன. "தண்ணி" வந்தது. "வலி" வந்தது. பயிற்சி அறைக்கு வெளியே பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்தபோது ஒரு நாள் அவர் அவளுடைய முந்தானையை இழுத்தார்.

"வீ... வீடு."

அவள் எத்தனையோ பொய்களைத் தயாராக வைத்திருந்தாள். பூட்டியிருக்கு, வெல்டரண்ணன் பார்த்துக்கிறார், சரிபண்ணிட்டு இருக்கோம் என்றெல்லாம். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

"கொடுத்துட்டேங்க," என்றாள். "டீக்கடைக்காரர் ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். எனக்கு வேற வழி தெரியல. வாடகைக்கு ஒரு இடம் வேணும், உங்களுக்கு மருந்து வேணும்... என்னை என்ன வேணா பண்ணுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் இவர்களைப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டார்கள். கோணிய உதடு துடித்தது. அழப்போகிறார் என்று அவள் துண்டை எடுத்தாள். அவர் இடது கையால் அதைத் தள்ளினார்.

"த... தட்டு" என்றார்.

"தட்டா? சாப்பாட்டுத் தட்டா? அதை எடுக்கலங்க, புதுசு வாங்கியாச்சு."

இல்லை என்று தலையாட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. "ஜா... ஜாக்... தட்டு."

"ஜாக்கியா?"

ஆமாம் என்று கண்ணைச் சிமிட்டினார். கையை விரித்து, அதன்மேல் எதையோ வைப்பதுபோல் காட்டினார். அவள் வெகுநேரம் மல்லாடினாள். சக்கரத்தைச் சொன்னாள், சட்டத்தைச் சொன்னாள். கடைசியில் விளங்கியது. டயரில் கனம் நிற்காமல் இருக்க வீட்டின் அடிச்சட்டத்துக்குக் கீழே ஜாக்கி கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். அதற்குக் கீழே தட்டையான, கனத்த இரும்புத் துண்டு ஒன்றைப் போட வேண்டும். போடாவிட்டால் ஈர மண்ணில் ஜாக்கி இறங்கி, வீடு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

"அவருகிட்ட சொல்லணுமா?"

அவர் தலையை ஆட்டினார்.

அவள் போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். டீக்கடைக்காரர் எடுத்ததும், பின்னால் பாத்திரச் சத்தமும் ஆள் சத்தமும் இரைந்தன.

"அண்ணே, நான்தான்... வீட்டைக் கொடுத்தேனே. ஜாக்கிக்கு அடியில இரும்புத் தட்டு போட்டிருக்கீங்களா?... இல்லையா? போடுங்கண்ணே. மறந்துடாதீங்க, சாய்ஞ்சிடும். ஆமா. அவருதான் சொன்னாரு. ஆமாண்ணே, பேசுறாரு... பேசினாரு."

போனை வைத்துவிட்டு அவள் அழுதாள். வாயை மூடிக்கொள்ளாமல், பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லோரும் பார்க்க, அழுதாள். அவர் அவளைத் தேற்றவில்லை. தேற்றுவதற்கு வேண்டிய வார்த்தையை யாரும் அவருக்கு இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த களைப்பில், இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளேயிருந்து பயிற்சிக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். "அடுத்தது யாருங்க?"

"நாங்கதான்," என்று எழுந்து, அவள் நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டாள்.